மெயில் வராமல் போன பன்னிரண்டு நாள்

அம்மா கடற்பாசி வளர்க்கிறார். ராமேஸ்வரம் தீவின் வடகரையில், சம்பைப் பக்கம், 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவைகள். ஒவ்வொன்றிலும் 20 கயிறு, கயிறு நெடுக விதைப்பாசி. ஒரு மிதவைக்கு 60 கிலோ விதைப்பாசி கட்டினால் 45 நாளில் 200 கிலோவுக்கு மேல் அறுக்கலாம். அந்த 45 நாளுக்குள் வாடைக்காற்று ஒரு ராத்திரி ஓங்கி அடித்தால் போதும், மூங்கில் ஒன்றோடொன்று மோதி உடையும், நங்கூரக் கயிறு அறும், விடிந்து போய்ப் பார்த்தால் பாசி கரையில் குவிந்து கிடக்கும். ஒரே ஒரு நாள் முன்னால் தெரிந்தால் எவ்வளவோ செய்யலாம். மிதவைகளைச் சேர்த்துக் கட்டலாம், கூடுதலாக நங்கூரம் போடலாம், 40 நாள் ஆன பாசியை அப்படியே அறுத்துக் கரை சேர்த்துவிடலாம்.

2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. கடல் தண்ணீரில் நல்ல தண்ணீர் அதிகம் கலந்தால் பாசி வெளுத்து அழுகிவிடும். அன்றைக்கு இழந்ததை அம்மா இன்னும் கணக்குச் சொல்வார். அதற்கப்புறம்தான் நான் ஒரு சேவையில் பதிவு செய்தேன். காற்று, அலை முன்னறிவிப்பைத் தமிழில் சுருக்கி, எச்சரிக்கை உள்ள நாளில் மட்டும் சாயங்காலம் மெயில் அனுப்புவார்கள். "மன்னார் வளைகுடா, பாக் நீரிணைப் பகுதிகளில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் சூறைக்காற்று" என்கிற மாதிரி நாலைந்து வரிதான் இருக்கும். நான் படித்து அம்மாவிடம் சொல்வேன்.

பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் தீவு முழுக்கத் தெரிந்துவிடும். கடல் ஓசை எஃப்.எம்.மிலும் சொல்வார்கள். ஆனால் எங்கள் மிதவையை உடைக்கப் புயல் வரத் தேவையில்லை, கூண்டு ஏறாத நாளின் காற்றே போதும். வாட்ஸ்அப்பில் வருவதை நம்பவும் முடியவில்லை. போன வருஷத்து எச்சரிக்கையை இந்த வருஷம் யாரோ அனுப்புவார்கள், தேதியே இருக்காது. மெயில் என்றால் ஒரே இடத்திலிருந்து, தேதி நேரத்தோடு வரும். அதனால் அதையே நம்பியிருந்தோம்.

ஐப்பசி பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. விடியற்காலை அம்மா கரையிலிருந்து போன் செய்தார்.

"மூணு மிதவ போச்சுடி. உனக்கு மெயிலு ஒன்னும் வரலையா?"

வரவில்லை. வரவில்லை என்பதால்தான் முந்தின இரவு நிம்மதியாகத் தூங்கியிருந்தேன். கடைசி மெயில் எப்போது வந்தது என்று பார்த்தேன். பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. பன்னிரண்டு நாளும் கடல் அமைதியாக இருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

தங்கச்சிமடத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறேன். ஆன்லைன் விண்ணப்பங்களும் நாங்களே போட்டுக் கொடுப்போம். அதனால் அன்று கடையைத் திறந்ததும் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து தேடினேன். முதலில் தேடல் பெட்டியில் சேவையின் பெயரை அடித்தேன், பழைய மெயில்கள் மட்டும் வந்தன. ஜிமெயிலில் சாதாரணமாகத் தேடினால் ஸ்பேமில் கிடப்பது கண்ணில் படாது, ஸ்பேம் பெட்டியைத் தனியாகத் திறந்துதான் பார்க்க வேண்டும். திறந்து பார்த்தேன், அங்கேயும் இல்லை. ஸ்பேமில் விழுந்தது 30 நாள் வரை இருக்கும், அப்புறம் தானாக அழிந்துவிடும். பன்னிரண்டு நாள் கணக்குக்கு அங்கே இருந்திருக்க வேண்டும். இல்லை என்றால் என் பெட்டிக்கே வந்து சேரவில்லை என்று அர்த்தம்.

அப்போதுதான் திரையின் ஓரத்தில் சிவப்புக் கோடு கண்ணில் பட்டது. 15 ஜி.பி. முழுக்க நிறைந்துவிட்டது. அந்த 15 ஜி.பி. மெயிலுக்கு மட்டும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. மெயில், கூகுள் டிரைவ், கூகுள் போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் அது. ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் பேக்கப்பும் 2024-லிருந்து அந்தக் கணக்கில்தான் சேருகிறது. எது எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று கூகுள் பிரித்துக் காட்டுகிறது. என் கணக்கில் பாதிக்கு மேல் வாட்ஸ்அப் வீடியோக்கள். கோயில் திருவிழா, கல்யாணம், யார் வீட்டுக் குழந்தையோ ஆடுவது, காலை வணக்கம். இவ்வளவும் சேர்ந்துதான் எங்களுக்கு வர வேண்டிய நாலு வரியை உள்ளே விடாமல் தடுத்திருக்கின்றன.

பெட்டி நிறைந்துவிட்டால் மெயில் உள்ளே வராது, அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். பூட்டிய வீட்டுக் கடிதத்தைத் தபால்காரர் 'வீடு பூட்டியிருக்கிறது' என்று எழுதித் திருப்பிவிடுவாரே, அந்த மாதிரி. நமக்கு ஒரு சத்தமும் கேட்காது.

வாட்ஸ்அப் பேக்கப்பில் வீடியோவைச் சேர்க்காதபடி மாற்றினேன், பெரிய வீடியோக்களை அழித்தேன். அழித்தால் மட்டும் இடம் கிடைத்துவிடாது, குப்பைப் பெட்டியையும் காலி செய்ய வேண்டும். அது தெரியாமல் அரை மணி நேரம் வீணானது. 6 ஜி.பி. காலியானது. எனக்கே நான் ஒரு மெயில் அனுப்பிப் பார்த்தேன், உடனே வந்தது. சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த மூன்று நாளும் சேவையிலிருந்து எதுவும் வரவில்லை. மூன்றாம் நாள் கடையில் எல்லோரும் காற்றைப் பற்றியே பேசினார்கள், எனக்கு மெயில் இல்லை. மறுபடி பதிவு செய்யலாம் என்று முகவரியைக் கொடுத்தால், "இந்த முகவரி ஏற்கெனவே பதிவாகியுள்ளது" என்கிறது. பதிவும் இருக்கிறது, மெயிலும் வரவில்லை. இந்த இடத்தில்தான் நிறைய பேர் கைவிட்டுவிடுவார்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அலுப்பு வந்தது. ஆனால் உடைந்த மூன்று மிதவை கண் முன்னால் நின்றது.

பழைய மெயில் ஒன்றின் அடியில் தொடர்பு முகவரி இருந்தது. அதற்கு எழுதினேன். எந்த முகவரியில் பதிவு செய்திருக்கிறேன், கடைசி மெயில் வந்த தேதி என்ன, பெட்டி நிறைந்திருந்ததையும் இப்போது காலி செய்ததையும், மறுபடி பதிவு செய்தால் என்ன சொல்கிறது என்பதையும் எழுதி, அந்தத் திரையைப் படம் எடுத்து இணைத்தேன். "மெயில் வரவில்லை, பாருங்கள்" என்று ஒற்றை வரி எழுதியிருந்தால் அவர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. இரண்டாம் நாள் பதில் வந்தது. தொடர்ந்து சில மெயில் திரும்பி வந்ததால் அவர்களுடைய கணினியே என் முகவரிக்கு அனுப்புவதை நிறுத்தி வைத்திருக்கிறது. பதிவு நீங்காது, அனுப்புவது மட்டும் நின்றிருக்கும். அந்தத் தடையை அங்கே யாராவது கையால் எடுத்துவிட்டால்தான் உண்டு. எடுத்துவிட்டார்கள். அன்று சாயங்காலமே எச்சரிக்கை வந்தது. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன், கயிறும் நங்கூரமும் எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

ஒரு வாரம் கழித்து இன்பாக்ஸில் ஒரு மெயில் கிடந்தது. "நீங்கள் கேட்டபடி உங்கள் பதிவை நீக்கிவிட்டோம்." நான் கேட்கவே இல்லை. யாரோ என் கணக்குக்குள் புகுந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் பயந்தேன். பாஸ்வேர்டை மாற்றினேன், வேறு எந்தப் போனிலாவது என் கணக்கு திறந்திருக்கிறதா என்று பார்த்தேன். என் போனும் கடைக் கம்ப்யூட்டரும் மட்டும்தான். அப்புறம் அந்த நீக்கல் மெயில் வந்த நேரத்தைப் பார்த்தேன், இரவு 9.10. முந்தின நாள் வந்த எச்சரிக்கையை நான் யாருக்கு அனுப்பினேன் என்று யோசித்தேன். மண்டபத்தில் சித்திக்கும் மிதவை இருக்கிறது. ஒவ்வொரு எச்சரிக்கையையும் அவருக்கு அப்படியே ஃபார்வர்டு செய்வது என் வழக்கம்.

சித்திக்குப் போன் செய்தேன். சித்தி மகன் காலேஜில் படிக்கிறான். தன் அம்மா போனில் தேவையில்லாத மெயில் நிறைய வருகிறதே என்று உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து, அடியில் இருந்த அன்சப்ஸ்கிரைப் லிங்கை அமுக்கிக்கொண்டே போயிருக்கிறான். நான் அனுப்பியதையும் திறந்திருக்கிறான். பிள்ளை நல்லதுதான் நினைத்துச் செய்தான். ஆனால் அந்த லிங்க் என் பெயருக்கு உரியது. ஒவ்வொருவருக்கும் போகும் மெயிலில் அந்த லிங்குக்குள் அவரவர் முகவரிக்கான அடையாளம் ஒளிந்திருக்கும். ஃபார்வர்டு செய்தால் அதுவும் சேர்ந்தே போகும். யார் அமுக்கினாலும் நீங்குவது நம் பெயர்தான். 2024-இல் கூகுளும் யாஹூவும் மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்களுக்கு ஒரே சொடுக்கில் விலகும் வசதி கட்டாயம் என்று விதி வைத்தன. நல்ல விதிதான், வேண்டாதவர்கள் எளிதாக விலகலாம். அடியில் இருக்கும் லிங்கும் பல சேவைகளில் இப்போது ஒரே தட்டில் வேலையை முடித்துவிடுகிறது, "உறுதியாகவா?" என்று கேட்பதில்லை.

இப்போதெல்லாம் நான் ஃபார்வர்டு செய்வதில்லை. அந்த நாலு வரியை மட்டும் காப்பி எடுத்து, தேதியோடு அனுப்புகிறேன்.

மறுபடி பதிவு செய்தேன். இந்த முறை ஏற்றுக்கொண்டது. உறுதி செய்யச் சொல்லி ஒரு மெயில் வரும், அதிலுள்ள லிங்கைத் தொட்டால்தான் பதிவு முடியும், அந்த லிங்கும் குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் செல்லும். இன்பாக்ஸில் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு நேராக ஸ்பேமுக்குப் போனேன், அங்கே இருந்தது. ஸ்பேம் இல்லை என்று குறித்து இன்பாக்ஸுக்கு நகர்த்தினேன், அனுப்பும் முகவரியைத் தொடர்புகளில் சேர்த்தேன், அந்த முகவரியிலிருந்து வருவது ஒருபோதும் ஸ்பேமுக்குப் போகக் கூடாது என்று ஒரு ஃபில்டரும் போட்டேன். ஃபில்டர் போடுவதைப் போன் ஆப்பில் செய்ய முடியாது, கம்ப்யூட்டரில்தான் செய்ய வேண்டும்.

பதிவுப் பக்கத்தில் இதுவரை நான் கவனிக்காத ஒரு தேர்வு இருந்தது. எச்சரிக்கை நாளில் மட்டும் வேண்டுமா, தினமும் வேண்டுமா? தினமும் என்பதை எடுத்தேன். இந்த முழு விவகாரத்திலும் எனக்கு உருப்படியாகத் தோன்றுவது இந்த ஒரு மாற்றம்தான். எச்சரிக்கை நாளில் மட்டும் வந்தால், மெயில் வராததும் கடல் அமைதியாக இருப்பதும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். தினமும் வந்தால், ஆறரை மணிக்கு வரவில்லை என்றாலே எங்கேயோ தடங்கல் என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

இந்தக் கதை கடையில் பரவியபின் நாலைந்து பேர் போனை நீட்டினார்கள். பாம்பன் அண்ணன் ஒருவர் பதிவு செய்து மாதக்கணக்கில் ஒன்றுமே வந்ததில்லை என்றார். பதிவு செய்தபோது தானே எடுத்த படத்தைப் போனில் வைத்திருந்தார். பெரிதாக்கிப் பார்த்தால் டாட் காம் இருக்க வேண்டிய இடத்தில் டாட் கான். கீபோர்டில் எம்மும் என்னும் பக்கத்தில் பக்கத்தில்தானே இருக்கின்றன. பெயருக்கு நடுவில் புள்ளி வைக்க மறந்ததுதான் தப்பு என்று அவர் நினைத்திருந்தார். ஜிமெயிலில் அந்தப் புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே முகவரிதான்.

ஓலைக்குடா அக்கா ஒருவர் ஒரு நாள் கை தவறி ஸ்பேம் என்று புகார் செய்துவிட்டார். அதன்பின் வந்ததெல்லாம் ஸ்பேமிலேயே போய் விழுந்திருக்கிறது. அவருக்கு எடுத்துக் கொடுத்துவிட்டேன். இன்னொருவருக்கு எந்த முகவரியில் பதிவு செய்தோம் என்பதே நினைவில்லை, மூன்று முகவரி வைத்திருக்கிறார். பழைய மெயிலைத் திறந்து, பெறுநர் என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தோம். போன வருஷம் தொலைந்த போனில் இருந்த முகவரி அது. அதை விட்டுவிட்டு இப்போது வைத்திருப்பதில் புதிதாகப் பதிவு செய்து, உறுதி செய்யும் லிங்கையும் கடையிலேயே தொட வைத்துத்தான் அனுப்பினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சித்தி வந்திருந்தார், மகனையும் கூட்டிக்கொண்டு. அவனே சித்தியின் முகவரியைத் தனியாகப் பதிவு செய்து கொடுத்தான். ஒவ்வொரு எழுத்தையும் சித்தி வாயால் சொல்ல, அவன் அடித்தான், நான் பக்கத்திலிருந்து சரிபார்த்தேன். உறுதி செய்யும் மெயிலை ஸ்பேமிலிருந்து எடுத்தது சித்திதான். ஆறரைக்கு முதல் மெயில் வந்தது. பாக் நீரிணைப் பகுதிக்கு எச்சரிக்கை ஏதுமில்லை என்று ஒரே வரி. சித்தி அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, நாளைக்கு மண்டபத்தில் பாசி அறுக்க ஆள் சொல்லப் போனை எடுத்தார்.