முகவரி மாறிய மனுக்கள்

2013 செப்டெம்பர் 21. வட மாகாண சபைத் தேர்தல் நாளன்று வன்னியில் ஒரு பாடசாலையில் எனக்கு வாக்கெடுப்புக் கடமை. காலை ஏழு மணிக்கு முன்னரே வரிசை வேலி வரை நீண்டிருந்தது, பெரும்பாலும் பெண்கள். விரலில் மை பூசுவது என் வேலை. ஓர் அம்மாவுக்கு இடது சின்னவிரல் பாதிதான் இருந்தது. நான் தயங்கியதைக் கண்டு, "அடுத்த விரலில் பூசுங்கள் தம்பி, அது முழுதாக இருக்கிறது" என்றார்.

தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 38 ஆசனங்களில் 30ஐப் பெற்றது. வடக்குக்கென்று தனியாக மக்கள் தெரிவுசெய்த முதல் சபை அது. இலங்கை அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டுத் 13ஆம் திருத்தம் மாகாண சபையைத் தந்திருந்தபோதிலும், 2007இல் வடக்கும் கிழக்கும் பிரிக்கப்பட்ட பின்னர் ஆளுநரே எங்கள் மாகாணத்தை நடத்திவந்தார்.

மாகாண நிர்வாகத்தின் ஓர் அலுவலகத்தில் தபாலைப் பதிவேட்டில் பதிபவன் நான். ஆட்சி மாற்றத்தை நான் முதலில் கண்டது கடித உறைகளில்தான். அதுவரை "கௌரவ ஆளுநர் அவர்கட்கு" என்று யாரோ எழுதிக்கொடுத்த எழுத்தில் வந்த மனுக்கள், "எங்கள் முதலமைச்சர் ஐயாவுக்கு" என்று சொந்தக் கையெழுத்தில் வரத் தொடங்கின. அந்த "எங்கள்" என்ற சொல்லை நான் எத்தனை தடவை வாசித்திருப்பேன்! தேர்தலால் ஒன்றும் ஆகவில்லை என்பவர்களுக்கு அந்த உறைகளைக் காட்ட வேண்டும்.

மதகு உடைந்தது, பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியர் இல்லை என்ற மனுக்களை உரிய திணைக்களத்துக்கு அனுப்பினோம். பல வேலைகள் நடந்தன. இராணுவம் பிடித்த காணி, காணாமற்போன பிள்ளை என்றால் எங்கள் கை எட்டாது. காணியும் பொலிசும் சட்டப் புத்தகத்தில் மாகாணத்துக்கு உண்டு, நடைமுறையில் இல்லை. மாகாண சபை இயற்றும் சட்டமான நியதிச்சட்டம் பணம் சார்ந்ததாக இருந்தால் அதற்குக்கூட ஆளுநரின் பரிந்துரை வேண்டும். ஆகவே அத்தகைய மனுக்களுக்கு ஒரே பதில் வைத்திருந்தோம்: "இவ்விடயம் மாகாண சபையின் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று என்பதை அறியத்தருகின்றேன்." வரைந்தவன் நான்தான். பிழையில்லாத வசனம் என்று நம்பியிருந்தேன்.

அடுத்த ஆண்டு ஒரு தாய் அந்தக் கடிதத்தோடு வந்தார். பொலித்தீன் பையிலிருந்து எடுத்து நீட்டி, "எனக்கு வாசிக்கத் தெரியாது, இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டார். நான் எழுதிய வசனத்தை நானே உரக்க வாசிக்க வேண்டியதாயிற்று. "உட்பட்டதன்று" என்ற இடத்தில் குரல் எழவில்லை.

"அப்படியென்றால் மகனைப் பற்றி ஒன்றும் இல்லையா?"

காணாமற்போனோரை விசாரிக்கும் ஜனாதிபதி ஆணைக்குழுவைப் பற்றிச் சொன்னேன். அங்கே சாட்சியம் சொல்லிவிட்டுத்தான் இங்கு வந்ததாகச் சொன்னார்.

நாற்காலியை இழுத்துப்போட்டு அவரை உட்காரவைத்தேன். மகனின் பெயர், பிறந்த திகதி, கடைசியாகக் கண்ட இடம் எல்லாவற்றையும் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு மணித்தியாலம் ஆயிற்று. பிறகு பதிவேட்டில் அவருடைய மனுவைத் தேடினேன். கடைசி நிரலில், "எடுத்த நடவடிக்கை" என்பதன் கீழ், "பதில் அனுப்பப்பட்டது, முடிவுற்றது" என்று என் கையெழுத்தில் இருந்தது. "முடிவுற்றது" என்பதை வெட்டி, பக்கத்தில் சிற்றொப்பம் வைத்தேன்.