செகண்ட் ஷிஃப்ட் பஸ்

சென்னையை அடுத்த ஒரகடம் பக்கம், கார்களுக்கு ஒயரிங் ஹார்னஸ், அதாவது மின்கம்பிக் கட்டு, செய்யும் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் பன்னிரண்டு வருடம் இருந்தேன். லைனில் நின்றவர்கள் பெரும்பாலும் இருபதை ஒட்டிய வயதுப் பெண்கள். மீட்டிங் ஹாலில் உட்கார்ந்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். அது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. எனக்கும்தான்.

அப்புறம் ஒரு பெண் பிளான்ட் ஹெட்டாக வந்தார். முதல் மாதக் கூட்டத்தில் ரிஜெக்‌ஷன் கணக்கு, அதாவது தரம் சரியில்லை என்று தள்ளப்பட்ட சரக்கின் கணக்கு, வந்தது. வழக்கமாக அந்த இடத்தில் சூப்பர்வைசருக்குத் திட்டு விழும், அடுத்த பக்கம் புரட்டுவோம். அவர் புரட்டவில்லை. "தப்பு நடந்த கை எத்தனை மாசத்துக் கை?" என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. இரண்டு நாள் கழித்துப் பட்டியல் வந்தது. கனெக்டரில் ஒயர் நுனியில் இருக்கும் டெர்மினலை இடம் மாற்றிச் சொருகியவர்களில் பாதிக்கு மேல், சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாதவர்கள். சரி, பழகிய கைகள் ஏன் நிற்பதில்லை?

ஹெச்.ஆர். ஃபைலில் எல்லா ராஜினாமாவிலும் 'குடும்பக் காரணம்' என்றே இருந்தது. அவர் கேன்டீனில் அந்தப் பெண்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு, விஷயத்தைத் தெரிந்துகொண்டார். செகண்ட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் மெயின் ரோட்டில் இறக்கிவிடும். அங்கிருந்து ஊர் இரண்டு கிலோமீட்டர். தெருவிளக்கு கிடையாது. அப்பாவோ தம்பியோ வண்டியோடு வந்து காத்திருக்க வேண்டும். அப்படி வர ஆள் இல்லாத வீட்டில், 'வேலைக்குப் போனது போதும்' என்று ஒருநாள் முடிந்துவிடும்.

பஸ்ஸை ஊருக்குள் விடச் சொன்னார். டீசலையும் டிரைவரின் ஓவர்டைமையும் கூட்டி, 'தவிர்க்கக்கூடிய செலவு' என்று குறிப்பு எழுதியது நான். அதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது. ஒரு டிரெயினியைப் பழக்கும் செலவு, திரும்பி வந்த சரக்கு, அதைப் பிரித்து மறுபடி கட்டும் கூலி எல்லாம் என் ஏட்டில் வேறு வேறு தலைப்பில் கிடந்தன. அவற்றை ஒன்றாகக் கூட்டிப் பார்த்ததே இல்லை. பஸ் ஊருக்குள் போன ஒரு வருடத்தில் ராஜினாமாவும் ரிஜெக்‌ஷனும் சேர்ந்தே இறங்கின.

அதனால்தான், தலைமையில் ஒரு பெண்ணை உட்கார வைத்தால் லாபம் வருமா என்ற கேள்வியே எனக்கு அரைகுறையாகப் படுகிறது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டம் சொன்னது. பல இடங்களில் முதலாளி வீட்டுப் பெண்ணை வைத்தே அந்த நாற்காலியை நிரப்பினார்கள். சந்தை மதிப்பில் முதல் 500 நிறுவனங்களிலாவது, முதலாளி குடும்பத்தைச் சேராத, சுயேச்சையான பெண் இயக்குநர் வேண்டும் என்று 2019 ஏப்ரலிலிருந்து பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி கட்டாயமாக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் பீட்டர்சன் ஆய்வு நிறுவனம் 2016-இல் 91 நாடுகளின் 21,980 நிறுவனங்களை ஆராய்ந்தது. தலைமைச் செயல் அதிகாரி பெண் என்பதால் மட்டும் லாபத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. உயர் நிர்வாக வரிசையில் பெண்கள் கூடுதலாக இருந்த இடங்களில் லாபமும் கூடுதலாக இருந்தது. நன்றாக ஓடுகிற கம்பெனிதான் பெண்களுக்கு இடம் தருகிறதோ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த வரிசை என்ன செய்யும் என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

நாலு வருடத்தில் அவர் மாற்றலாகிப் போனார். அதற்குள் தரப் பிரிவுக்கும் பிளானிங்குக்கும் பெண் மேலாளர்கள் வந்திருந்தார்கள். புதிய பிளான்ட் ஹெட் செலவைக் குறைக்கக் கூட்டம் போட்டார். முதலில் கைவைத்தது அந்த பஸ்ஸில். நான் வாய் திறப்பதற்குள் தரப் பிரிவு மேலாளர் ரிஜெக்‌ஷன் ரிஜிஸ்டரை மேஜையில் விரித்து, பஸ் ஊருக்குள் போகத் தொடங்கிய மாதத்தில் விரலை வைத்தார்.

"இங்கிருந்து பாருங்க சார்."

பிளானிங் மேலாளர் அதே மாதத்திலிருந்து டெலிவரிக் கணக்கை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். நான் என் பழைய குறிப்பை அடித்துவிட்டேன். நான் அங்கிருந்து கிளம்பும்வரை அந்த பஸ் ஊருக்குள் போய்க்கொண்டுதான் இருந்தது.