முழங்கால் ஆறும் காலத்தில் சிலம்பக் களம்

வலது முழங்காலில் எலும்புகளைப் பிணைக்கும் ஏ.சி.எல். என்கிற ஜவ்வு அறுந்து, அதனுடன் மெனிஸ்கஸ் என்கிற குருத்தெலும்பு வட்டும் கிழிந்த பிறகு, அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னுமாக ஓராண்டுக்கு மேல் சிலம்பப் பயிற்சியை எப்படி விடாமல் வைத்திருந்தேன் என்பதை எழுதுகிறேன். விடாமல் வைத்திருந்தேன் என்பதை, கம்பெடுத்து ஆளோடு ஆள் மோதினேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கீழக்கரையில் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் தொடங்கி, சூரியன் மறைந்ததும் வரும் மஃரிப் தொழுகைக்குள் முடியும் எங்கள் களத்துக்கு, அந்தந்த வாரத்தில் என் காலுக்கு எது அனுமதிக்கப்பட்டிருந்ததோ அதைச் செய்வதற்காக, வழக்கமான நேரத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். செய்யும் வேலை மாறிக்கொண்டே இருந்தாலும் நேரம் மாறவில்லை. ஆறு மாதம் வீட்டில் இருந்துவிட்டுப் பிறகு வருகிறேன் என்று போனவர்களில் பலர் திரும்பி வராததைப் பார்த்திருந்ததால், இந்த ஒன்றில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன்.

காயம் பட்டது ஜோடிப் பயிற்சியில். எதிராளியின் வீச்சைத் தடுத்துவிட்டு உள்ளே புகுவதற்காகத் திரும்பியபோது, ஊன்றிய வலது பாதம் நின்ற இடத்திலேயே நின்றுவிட, இடுப்பு மட்டும் திரும்பியது. முழங்கால் உள்பக்கமாகச் சாய்ந்து, ‘டப்’ என்ற சத்தம் எனக்கே கேட்டது. யாரும் என்னைத் தொடவில்லை. ஏ.சி.எல். பெரும்பாலும் இப்படி, பிறர் கை படாமலே அறுகிறது என்பதை அதன் பிறகுதான் தெரிந்துகொண்டேன். இரவுக்குள் கால் வீங்கிவிட்டது. எக்ஸ்ரேயில் எலும்பு முழுதாக இருந்ததால், எண்ணெய் போட்டுக் கட்டினால் சரியாகிவிடும் என்று வீட்டில் சொன்னார்கள். ஆனால் ஜவ்வு எக்ஸ்ரேயில் தெரியாது. வீக்கம் வற்றிய பிறகும் படியிறங்கும்போது முழங்கால் தானாக மடங்கிக் கைவிட்டதால் எம்.ஆர்.ஐ. எடுத்தோம், அதில் எல்லாம் தெரிந்தது. மதுரையில் அறுவை சிகிச்சை என்று முடிவாயிற்று.

உடனே வெட்ட மாட்டார்கள் என்பது எனக்குப் புதிய செய்தி. வீக்கம் வற்றி, முழங்கால் முழுதாக நீண்டு, முன்தொடைத் தசை ஓரளவு வேலை செய்யும் நிலைக்கு வந்த பிறகு அறுவை செய்தால்தான் பின்னால் கால் விறைக்காமல் இருக்கும் என்று மருத்துவர் விளக்கினார். ஆகவே காத்திருந்த அந்த வாரங்களே முதல் பயிற்சிக் காலமாக அமைந்தன.

அறுவையில் என்னுடைய பின்தொடைத் தசைநாணிலிருந்தே ஒரு பகுதியை எடுத்து, அறுந்த ஜவ்வின் இடத்தில் பொருத்தினார்கள். கிழிந்த மெனிஸ்கஸையும் தைத்தார்கள். மெனிஸ்கஸ் தைக்கப்பட்டிருந்ததால் சில வாரங்கள் ஊன்றுகோல். எடை தாங்கிக்கொண்டு முழங்காலைத் தொண்ணூறு பாகைக்கு மேல் மடக்க நான்கு மாதம் வரை தடை. பஸ்கி இல்லை, தரையில் சம்மணம் இல்லை, தொழுகைக்கு நாற்காலி. பள்ளிவாசலில் கடைசி வரிசை ஓரத்தில், பெரியவர்களுக்குப் பக்கத்தில் நாற்காலியில் அமர்வது என் வயதுக்கு முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. பைக்கின் பின் பிரேக்கும் உதைத்துக் கிளப்பும் கட்டையும் வலது காலுக்கு உரியவை என்பதால், களத்துக்குக் காக்கா (அண்ணன்) தன் வண்டியில் கொண்டுபோய் விட்டார்.

முதல் வாரங்களில் செய்ய வேண்டியது, பார்ப்பவருக்குப் பயிற்சியாகவே தோன்றாது. காலை நீட்டி, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, தொடைத் தசையை இறுக்கித் துண்டைக் கீழே அழுத்த வேண்டும். அறுவைக்குப் பின் மூட்டு வீங்கியிருக்கும்போது முன்தொடைத் தசைக்கு மூளையிலிருந்து போகும் கட்டளையே அடங்கிவிடுகிறது. அழுத்து என்று மனம் சொன்னாலும் தசை அப்படியே கிடக்கும். முதல் முறை முழங்கால் சில்லு ஒரு நூல் அளவு மேலே இழுபட்டதைக் கண்ணால் பார்த்தபோது, தண்டால் நூறு எடுத்த நாட்களில் கூட வராத மகிழ்ச்சி வந்தது. உம்மா அன்போடு முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பார்கள். அப்படி வைத்தால் சுகமாகத்தான் இருக்கும்; ஆனால் கால் மடங்கிய நிலையிலேயே இறுகிப்போகும். தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வைத்து முழங்காலை அந்தரத்தில் விட வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னதை உம்மாவுக்குப் புரியவைக்க வெகுநாள் ஆயிற்று. ஐஸுக்கு மட்டும் எங்கள் ஊரில் பஞ்சமே இல்லை. மீன் பெட்டிக்கு உடைத்துப் போடும் ஐஸை ஒரு வாளி வாங்கி வந்து, பையில் கட்டி, தோலில் நேராகப் படாதபடி துண்டு சுற்றி வைப்பேன். எத்தனை பையில் கட்டினாலும் சாளை வாடை போகவில்லை.

ஊன்றுகோலோடு களத்துக்குப் போன முதல் மாலை, ஓரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டு வரலாம் என்று இருந்தேன். வாத்தியார் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, “கால் வரலைன்னா கை வரட்டும், உக்காரு தம்பி” என்றார். அன்று முதல் உட்கார்ந்தபடியே கம்பு வீச்சு. ஒற்றைக் கையில், பிறகு மறு கையில், பிறகு கை மாற்றி. நின்று சுற்றும்போது இடுப்பும் காலும் சேர்ந்து தள்ளிக்கொடுப்பதால் மணிக்கட்டின் குறை தெரியாது. ஸ்டூலில் உட்கார்ந்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். என் இடது மணிக்கட்டு இத்தனை ஆண்டுகள் வலது கையின் தயவில் பிழைத்திருக்கிறது என்பது அப்போது தெரிந்தது. கர்லாக்கட்டையிலும் சிறியதை எடுத்து உட்கார்ந்தே சுழற்றினேன். கனமான கட்டையை நின்று சுழற்றினால் அதன் திருகல் ஊன்றிய முழங்காலுக்குத்தான் இறங்கும் என்பதால் அதை வாத்தியாரே எடுத்து ஒளித்து வைத்துவிட்டார்.

இடது காலுக்கும் ஓய்வு கொடுக்கவில்லை. ஒரு பக்கத்து உறுப்பைப் பயிற்றுவித்தால் பயிற்சி பெறாத மறுபக்கமும் ஓரளவு வலுப்பெறும் என்பதை 1894-லேயே அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். நரம்பு மண்டலத்தின் வழியாக நடக்கும் வேலை அது. கட்டுப் போட்ட கால் சும்மா இருக்கும்போது நல்ல காலைப் பெஞ்சிலிருந்து ஒற்றையாக எழுந்து உட்கார வைத்ததற்கு அதுவே காரணம். இதனால் நல்ல கால் மேலும் வலுத்து வித்தியாசம் கூடிவிடாதா என்று நானும் கேட்டேன். நோயுற்ற காலின் சரிவைக் குறைப்பதே அந்தக் கட்டத்தில் முதல் வேலை என்பது பதில்.

இந்தக் காலம் முழுவதிலும் ஆபத்தான கட்டம் எது என்று கேட்டால், வலி இருந்த வாரங்களைச் சொல்ல மாட்டேன். வலி போன மாதங்களைத்தான் சொல்வேன். பொருத்தப்பட்ட தசைநாண் உடனே ஜவ்வாகிவிடுவதில்லை. உடல் முதலில் அதன் பழைய இழைகளைச் சிதைத்து, இரத்த ஓட்டத்தை உள்ளே விட்டு, பின்னர் புதிதாக இழை கட்டுகிறது. இந்த மாற்றத்தின் நடுவே, ஏறத்தாழ இரண்டாம் மூன்றாம் மாதங்களில், பொருத்திய நாளில் இருந்ததைவிட அது பலம் குறைந்து நிற்கிறது. அதே மாதங்களில்தான் வீக்கம் வற்றி, நடை சீராகி, மனம் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லத் தொடங்குகிறது. ‘நல்லாத்தானே நடக்கிறே, ஒரு சுற்று வா’ என்று கூப்பிட்ட நண்பர்கள் யாரும் கெட்ட எண்ணத்தோடு கூப்பிடவில்லை. அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு கணக்கு இருந்தது. நார்வேயில் ஏ.சி.எல். அறுவை செய்துகொண்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 2016-இல் வெளியான ஆய்வில், திரும்பித் திரும்பி ஆடும் விளையாட்டுகளுக்குப் போவதை ஒன்பதாம் மாதம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மீண்டும் காயம் படும் விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. இதைப் பிசியோதெரபிஸ்ட் என்னிடம் சொன்ன நாளிலிருந்து ஒன்பது மாதத்துக்குள் ஜோடி இல்லை என்று வாத்தியாரிடமும் சொல்லி வைத்துவிட்டேன். அவர் சொன்னால் அதற்கு மேல் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

அந்த இடைவெளியில் எனக்குக் கிடைத்த வேலை, பிள்ளைகளின் காலடியைப் பார்ப்பது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டியில் சிலம்பத்தைக் காட்சி விளையாட்டாகச் சேர்த்த பிறகு, களத்தில் பள்ளிப் பிள்ளைகள் கூடியிருந்தார்கள். அவர்கள் திரும்பும்போது குதிகால் தரையில் ஒட்டியிருக்கிறதா, முன்பாதத்தில் சுழல்கிறார்களா, முழங்கால் கட்டைவிரலைத் தாண்டி உள்ளே சரிகிறதா என்று பார்த்துப் பார்த்து, என் காலில் நடந்ததை நூறு தடவை மெதுவாகப் பார்த்ததுபோல் ஆயிற்று. முழங்காலைச் சற்று மடக்கி வைத்துக்கொண்டு பாதத்தையும் சேர்த்துத் திருப்பு என்பதுதான் காலங்காலமாக வாத்தியார் சொல்வதும். அவசரத்தில் எல்லோரும் மறப்பதும் அதைத்தான்.

தையல் புண் முழுதாக ஆறிய பிறகு கடலில் நடக்க அனுமதி கிடைத்தது. மன்னார் வளைகுடாப் பக்கத்தில், தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வீசும் மாதங்களில் நிற்க முடியாது. அதே நாட்களில் பாக் நீரிணைப் பக்கம் அரியமான் கடல் அலையில்லாமல் கிடக்கும். வடக்கிலிருந்து வரும் வாடைக்காற்று தொடங்கினால் நிலைமை தலைகீழ். ஆகவே காற்றைப் பார்த்துக் கரையைத் தேர்ந்தெடுத்து, ஞாயிறுதோறும் காலையில் போனோம். இடுப்பளவு நீரில் நின்றால் கால்கள் தாங்குவது உடல் எடையில் பாதி. நெஞ்சளவுக்கு இறங்கினால் மூன்றில் ஒரு பங்கு. கரையில் நொண்டி நடந்த நான் நீருக்குள் நொண்டாமல் நடந்தேன். அந்தச் சரியான நடையைக் கால் நினைவில் வைத்துக்கொண்டு கரைக்கும் கொண்டுவந்தது. நம் கரையில் இதற்கு இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. சொறி (ஜெல்லி மீன்) மிதக்கும் நாளில் இறங்கக் கூடாது. தெளிந்த மணலில் திருக்கை புதைந்து கிடக்கும் என்பதால் பாதத்தைத் தூக்கி வைக்காமல் மணலில் உரசி நகர்த்த வேண்டும். கரை மணலில் ஓடுவதை மட்டும் வெகுநாள் செய்யவில்லை. காய்ந்த மணல் பாதத்தைத் திருகும். ஈர மணல் கெட்டியாக இருந்தாலும் கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் தாழ்ந்தே நிற்கும்.

நடுவில் ரமலான் நோன்பு வந்தது. பகலில் தண்ணீர் கூட இல்லாத நிலையில் எடைப் பயிற்சி சரிவராது என்பதால், அந்த மாதம் மட்டும் அஸர் நேரத்தில் மூட்டை நீட்டி மடக்கும் இலேசான அசைவுகளை வைத்துக்கொண்டு, கனமான வேலையை இரவுத் தொழுகையான தராவீஹுக்குப் பிறகு மாற்றினேன். விடியலுக்கு முன் உண்ணும் சஹரில் சோற்றைக் குறைத்து மீனையும் முட்டையையும் கூட்டினேன். நூறு கிராம் மீனில் ஏறத்தாழ இருபது கிராம் புரதம் உண்டு. சாளையும் நெத்திலியும் மலிவாகக் கிடைக்கும் கரையில் டப்பா மாவு வாங்க வேண்டிய தேவை எனக்கு ஏற்படவில்லை.

அன்றைய பயிற்சி அதிகமா குறைவா என்பதை மறுநாள் காலையில் முழங்கால்தான் சொல்லும். எழுந்தவுடன் காலை நீட்டி, சில்லின் உள்பக்கத்தைக் கீழிருந்து மேலாக உள்ளங்கையால் வழித்துவிட்டு, பிறகு வெளிப்பக்கத்தை மேலிருந்து கீழாக வழிக்க வேண்டும். உள்பக்கக் குழியில் மெல்ல ஒரு நீர்த்திரட்சி எழும்பினால் மூட்டுக்குள் நீர் சேர்ந்திருக்கிறது, அன்று எடை ஏற்றக் கூடாது. எழும்பாவிட்டால் நேற்றைய அளவை வைத்துக்கொள்ளலாம். பத்துக்கு மூன்று வரையிலான வலி, ஒரு நாளுக்குள் அடங்கிவிட்டால் கணக்கில்லை. தையற்கடை டேப்பால் சில்லுக்குப் பதினைந்து சென்டிமீட்டர் மேலே இரு தொடைகளையும் அளந்து சுவரில் எழுதி வைத்தேன். இராமநாதபுரத்தில் ஜிம் எந்திரத்தில் ஒவ்வொரு காலாலும் தனித்தனியாக எவ்வளவு தூக்க முடிகிறது என்றும், ஒற்றைக் காலில் எவ்வளவு தூரம் குதிக்க முடிகிறது என்றும் பிசியோதெரபிஸ்ட் பார்த்தார். நல்ல காலின் அளவில் நூற்றுக்குத் தொண்ணூறாவது வந்தால்தான் ஜோடிக்கு அனுமதி. குதிப்பில் எனக்கு அது சீக்கிரமே வந்துவிட்டது. தொடை வலு வரவில்லை. குதிக்கும்போது இடுப்பும் கணுக்காலும் சேர்ந்து முழங்காலின் குறையை மூடி மறைத்துவிடும் என்பதால் ஒன்றில் மட்டும் தேறினால் போதாது என்றார். அதனால் ஒன்பதாம் மாதம் கடந்தும் காத்திருந்தேன். அந்தக் காத்திருப்பு மட்டும் எனக்கு எரிச்சலாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

திரும்பிய வரிசை இப்படி அமைந்தது: முதலில் நேர்க்கோட்டில் காலடி, பிறகு கால் பகுதித் திருப்பம், அரைத் திருப்பம், கம்போடு முழுச் சுற்று. அடுத்து, எங்கே அடி வரும் என்று முன்பே சொல்லி வைத்துக்கொண்டு செய்யும் ஜோடி. கடைசியாகத்தான் சொல்லாமல் வரும் அடி. உடல் தயாரான பிறகும் மனம் தயாராகவில்லை; வலப்பக்கம் வரும் வீச்சுக்குத் தடுப்பை உயர்த்துவதற்குப் பதில் பின்வாங்கிக்கொண்டே இருந்தேன். வாத்தியார் ஒரே வலப்பக்க அடியை, கம்பு தொட்டும் தொடாததுமாக, மாலை முழுவதும் போட்டுக்கொண்டிருந்தார். சில வாரங்களில் கால் நின்ற இடத்தில் நிற்கப் பழகியது.

இப்போது வாரத்தில் மூன்று மாலை முழு ஜோடி ஆடுகிறேன். வலது தொடை இன்னும் ஒரு சென்டிமீட்டர் ஒல்லிதான். ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றிச் சுழலும் தாழ்ந்த வரிசையை இன்னும் எடுக்கவில்லை. அதற்குப் பதில் பின்தொடைக்கான பயிற்சியைக் கூட்டியிருக்கிறேன், ஏனெனில் தசைநாண் எடுக்கப்பட்ட அந்த இடம் ஆழமாக மடக்கும்போது இன்னும் பிடிக்கிறது. சென்ற மாதம் மணிக்கட்டு முறிந்து கட்டுப் போட்டிருக்கும் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, கை சரியாகும் வரை வரமாட்டேன் என்று சொல்ல வந்தாள். மருத்துவரிடம் நடக்கவும் காலடி எடுக்கவும் அனுமதி உண்டா என்று கேட்டு வரச் சொன்னோம், உண்டு என்றார்களாம். அவள் இப்போது தினமும் அஸருக்குப் பின் கம்பில்லாமல் காலடி மட்டும் எடுக்கிறாள், குதிகால் ஒட்டுகிறதா என்று நான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன்.