நான்கு சைக்கிள், ஒரே ஜோடி ஷூ

வீட்டில் நான்கு சைக்கிள் நிற்கிறது என்றால் எட்டு பெடல். சைக்கிள் வாங்கும்போது யாரும் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. கொஞ்சம் நல்ல சைக்கிளாக இருந்தால் பெரும்பாலும் பெடல் இல்லாமலேயே கொடுப்பார்கள். சாதாரண சைக்கிளில் ஏதோ ஒரு பிளாஸ்டிக் ஜோடியை மாட்டி விட்டிருப்பார்கள். இரண்டுக்குமே ஒருநாள் தனியாகப் பெடல் வாங்க வேண்டி வரும். அப்போதுதான் செலவு எப்படி ஏறுகிறது என்று தெரியும்.

என்னிடம் இருப்பவை: ஒரு பழைய ஸ்டீல் பிரேம் ரோடு சைக்கிள், ஒரு மவுண்டன் பைக், ஒரு மடக்கு சைக்கிள், அப்புறம் கேரியர் வைத்த வண்டி ஒன்று. கடைசியாகச் சொன்னதுதான் நாள் முழுக்க வேலை செய்வது. அதை வீட்டில் எல்லோரும் எடுப்பார்கள்.

சைக்கிள் பைத்தியங்களிடம் யோசனை கேட்டால் ஒவ்வொரு வண்டிக்கும் அதற்கென்றே உள்ள பெடலைச் சொல்வார்கள். ரோடு சைக்கிளுக்கு ஷூவைத் தன்னோடு பூட்டிக்கொள்ளும் மூன்று போல்ட் கிளிப் பெடல், மவுண்டன் பைக்குக்கு அதிலேயே இரண்டு போல்ட் வகை, மடக்கு சைக்கிளுக்கு மடக்குப் பெடல், கேரியர் வண்டிக்குத் தட்டைப் பெடல். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பட்டியலில் ஷூ இல்லை. மூன்று போல்ட்டுக்கு ஒரு ஷூ, இரண்டு போல்ட்டுக்கு வேறொரு ஷூ. மலிவான பெடல் இரண்டு ஜோடியின் விலையை ஒரு சுமாரான சைக்கிள் ஷூவே தின்றுவிடும். அதனால் நான் பெடலிலிருந்து தொடங்குவதே இல்லை. எந்த ஷூவைப் போட்டுக்கொண்டு எல்லா வண்டியிலும் ஏறப்போகிறேன் என்பதிலிருந்துதான் தொடங்குகிறேன்.

கிளிப் பெடலில் இரண்டு குலம் உண்டு. பிரான்சின் லுக் நிறுவனம் 1984-இல் பனிச்சறுக்குக் காலணி பூட்டும் முறையைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. அடுத்த வருடமே பெர்னார் ஹினோ என்ற வீரர் அந்தப் பெடலில்தான் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை ஜெயித்தார். மூன்று போல்ட் குலம் அங்கிருந்து வருகிறது. ஷூவின் அடியில் போல்ட் போட்டு மாட்டி, பெடலில் பூட்டிக்கொள்ளும் துண்டுக்குக் கிளீட் என்று பெயர். இந்தக் குலத்தின் கிளீட் அகலமான பிளாஸ்டிக் கட்டை, ஷூவின் அடியில் துருத்திக்கொண்டு நிற்கும். மிதிக்க அருமை, நடக்கக் கொடுமை. நடக்க நடக்க அந்தப் பிளாஸ்டிக்கும் தேயும். இரண்டாவது குலம், 1990-இல் ஷிமானோ நிறுவனம் மவுண்டன் பைக்குக்காகக் கொண்டுவந்த எஸ்பிடி. சின்ன இரும்புக் கிளீட், இரண்டு போல்ட், ஷூவின் அடிப்பாகத்துக்குள்ளேயே பதிந்திருக்கும். இறங்கி நடக்கலாம், படி ஏறலாம்.

பல சைக்கிள் வைத்திருப்பவருக்கு எஸ்பிடியில் இருக்கும் பெரிய லாபம் வேறு. அந்த வரிசையின் மலிவான பெடலும் உச்சியில் இருக்கும் எக்ஸ்டிஆரும் ஒரே கிளீட்டைத்தான் பிடிக்கின்றன. ஷூவைத் தொடாமலே ஒரு வண்டியில் மலிவானதையும் இன்னொன்றில் நல்லதையும் மாட்டலாம், பிறகு இடம் மாற்றலாம். ரொம்பக் காலமாக விற்பனையில் இருக்கும் பி.டி.-எம்520 ஜோடி கிட்டத்தட்ட 380 கிராம் வரும். எடை குறைவான பெடல் என்று சொல்ல முடியாது. ஆனால் திறந்து கிரீஸ் வைக்கலாம், பிடிப்பின் இறுக்கத்தை அலன் கீ வைத்துக் கூட்டலாம், குறைக்கலாம். ரோடு சைக்கிளிலும் மவுண்டன் பைக்கிலும் நான் போட்டிருப்பது இதைத்தான். இரண்டிலும் இறுக்கத்தை ஒரே அளவில் வைத்திருக்கிறேன். கால் எந்த வண்டியில் இருக்கிறது என்று யோசித்துக் கழற்ற வேண்டியதில்லை.

ரோடு சைக்கிளில் போய் மவுண்டன் பெடலா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். மூன்று போல்ட்டில் பாதத்துக்குக் கிடைக்கும் தாங்கல் அகலம் என்பது உண்மைதான். தூரப் பயணத்தில் சின்னக் கிளீட் பாதத்தில் ஒரே இடத்தில் அழுத்துகிறது என்றால், பெரும்பாலும் ஷூவின் அடிப்பாகம் வளைந்து கொடுக்கிறது என்று அர்த்தம். அடிப்பாகம் விறைப்பாக இருக்கும் ஷூவுக்குக் காசைப் போட்டால் அந்தக் குறை பெருமளவு போய்விடும். அந்த ஒரு ஷூ எல்லா வண்டிக்கும் உழைக்கும் என்பதால் அங்கே தாராளமாக இருக்கலாம்.

டைம், கிராங்க் பிரதர்ஸ் பெடல்களும் நல்லவைதான். சேற்றில் அவை அடைக்காமல் வேலை செய்யும். ஆனால் அவற்றுக்கென்று தனிக் கிளீட். ஒரு வண்டியில் போட்டால் எல்லா வண்டியிலும் போட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி இரண்டு ஷூ.

ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் கிளிப் என்று இரட்டைப் பெடல் ஒன்று விற்கிறார்கள். இரண்டு உலகமும் கைக்கு வந்துவிட்டது என்று தோன்றும். எனக்கு அதன்மேல் நல்ல அபிப்பிராயம் இல்லை. சிக்னலில் பச்சை விழும் நேரத்தில் எந்தப் பக்கம் வேண்டுமோ அது கீழேதான் இருக்கும். குனிந்து பார்த்துக் காலால் புரட்டுவதற்குள் பின்னால் ஹாரன். சைக்கிள் ஒன்றே ஒன்று வைத்திருந்து, அதிலேயே வேலைக்கும் போய், விடுமுறையில் தூரப் பயணமும் போகிறவருக்கு அது சரி. நான்கு வண்டி இருக்கும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது, அந்தச் சமரசம் தேவையில்லை.

இனி தட்டைப் பெடல். இதில்தான் மலிவு என்ற பெயரில் குப்பையும் தங்கமும் ஒரே அலமாரியில் கிடக்கும்.

அலுமினியம் என்றதும் உசத்தி, நைலான் என்றதும் மட்டம் என்று நினைக்க வேண்டாம். விலை குறைந்த வார்ப்பு அலுமினியப் பெடலைவிட அதே விலையில் வரும் நைலான் பெடலை நான் எடுப்பேன். கல்லில் இடித்தால் நைலான் வழுக்கிக்கொண்டு போகும், அலுமினியம் ஓரம் மடங்கிக் கத்தி போல நிற்கும், அப்புறம் முழங்காலுக்குக் கீழே கோடு போடும். நைலானில் பார்க்க வேண்டியது, ஷூ வழுக்காமல் பிடிக்கும் முள். உடலோடு சேர்த்து வார்த்த பிளாஸ்டிக் முள் தேய்ந்ததும் பெடல் சோப்பாகிவிடும். தனியாகத் திருகி எடுக்கக்கூடிய இரும்பு முள்ளாக இருக்க வேண்டும். அதிலும் பின்பக்கமிருந்து திருகும் வகை இன்னும் நல்லது. முன்னால் முனை நசுங்கினாலும் பின்னாலிருந்து கழற்றிவிடலாம். மிதிக்கும் பரப்பு நீளம் அகலம் இரண்டும் பத்து சென்டிமீட்டரை ஒட்டி இருந்தால் போதும்.

இப்படி எல்லாம் பார்த்து ஒரு முள் பெடலைக் கேரியர் வண்டிக்கு எடுத்து வைத்தேன். மனைவி கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "உங்க வண்டியில எதை வேணும்னாலும் மாட்டிக்கோங்க. நான் செருப்போட ஏர்றதுல இதை மாட்டாதீங்க." நியாயம்தான். மெல்லிய அடிப்பாகம் உள்ள செருப்பை அந்த முள் நாளாவட்டத்தில் சல்லடையாக்கிவிடும். அது மடக்கு சைக்கிளுக்குப் போனது. கேரியர் வண்டிக்கு இரண்டு ரப்பர் கட்டை வைத்த பழைய காலத்துப் பெடலே வந்தது. யார் எதைப் போட்டுக்கொண்டு ஏறினாலும் அது ஏற்றுக்கொள்ளும்.

அந்த ரப்பர் கட்டைப் பெடலைத் தேர்ந்தெடுப்பதில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். தட்டையோ கிளிப்போ, கடையில் பெடலைக் கையில் எடுத்ததும் முதலில் அச்சைப் பிடித்து விரல் நுனியால் மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். வேகமாகச் சுற்றிவிட்டால் ஒன்றும் தெரியாது. மெதுவாகச் சுழற்றினால்தான் உள்ளே கரகரவென்று வருகிறதா, ஒரு இடத்தில் மட்டும் இறுகுகிறதா என்பது விரலுக்குத் தெரியும். அப்புறம் அச்சை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. புதுப் பெடலில் ஆட்டத்தைவிட இறுக்கம்தான் அதிகம் வரும். மலிவான பெடல்களைத் தொழிற்சாலையிலேயே அளவுக்கு மீறி இறுக்கி, கிரீஸை முகர்ந்து பார்க்கும் அளவுக்குத் தடவி அனுப்பிவிடுகிறார்கள். அதனாலேயே அவற்றை ஒதுக்க வேண்டாம். வெளிமுனையில் இருக்கும் மூடி கழலுகிறதா என்று மட்டும் பாருங்கள். கழன்றால் அந்தப் பெடலைக் காப்பாற்றலாம்.

மூடிக்குள் ஒரு லாக் நட், அதற்கடியில் நாக்கு வைத்த வாஷர், அதற்கடியில் கோன் என்கிற கூம்பு நட். கோனை எடுத்ததும் பால்ரஸ் குண்டுகள் தெரியும். கீழே ஒரு துணியை விரித்துக்கொள்ளுங்கள், உருண்டு ஓடினால் தேட முடியாது. பழைய கிரீஸைத் துடைத்து, குண்டு ஓடும் கிண்ணத்தில் குழி விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, புது கிரீஸில் குண்டுகளை ஒவ்வொன்றாகப் பதித்து மூட வேண்டும். பொறுமை வேண்டியது அதன் பிறகுதான். கோனை விரலால் இறுக்கிச் சரியாக வைத்தாலும், மேலே லாக் நட்டை முறுக்கும்போது அது இன்னும் கொஞ்சம் இறுகிவிடும். அதனால் முதலில் ஒரு துளி ஆட்டம் விட்டு வைத்து, லாக் நட் போட்டதும் அந்த ஆட்டம் மறைகிறதா என்று பார்க்க வேண்டும். முதல் தடவையிலேயே யாருக்கும் அமையாது. அமைந்த பிறகு பெடல் தன் எடையிலேயே மெல்லப் புரண்டு நிற்கும். இந்த ஓவராயில் செய்யப்பட்ட மலிவுப் பெடல், செய்யப்படாத விலையுயர்ந்த பெடலைவிட நீண்ட நாள் ஓடும்.

மூடியே கழலாத பெடல் இருக்கிறதே, அது சத்தம் போடும் நாளில் குப்பைக்குத்தான். உருளும் குண்டுக்குப் பதில் வெறும் பிளாஸ்டிக் புஷ் வைத்து வருவதும் அப்படியே. சீல்டு பேரிங் வைத்தது நல்லதுதான், ஆனால் அந்த பேரிங்கைத் தனியாக வாங்க முடியுமா என்பதைக் கேட்டுக்கொண்டு எடுங்கள். அச்சு குரோம்-மாலி ஸ்டீல் என்று போட்டிருந்தால் எடையுள்ளவர்களுக்கு நிம்மதி. வளைந்த அச்சை ஒவ்வொரு சுற்றிலும் பாதம் உணரும்.

நல்ல பெடலை எந்த வண்டிக்குக் கொடுப்பது? விலையுயர்ந்த வண்டிக்குத்தான் கை போகும். என் வீட்டில் கேரியர் வண்டிக்குத்தான் முதல் உரிமை. மழையில் நிற்பது அது, சுமை ஏற்றுவது அது, கிரீஸ் வைக்க மறந்துபோவதும் அதற்குத்தான். ரோடு சைக்கிள் துடைத்த கையோடு வீட்டுக்குள் நிற்கிறது. அதன் பெடலுக்கு என்ன கஷ்டம்?

நல்ல பெடல் ஒரே ஒரு ஜோடி வாங்கி வண்டிக்கு வண்டி மாற்றிக்கொள்ளலாமே என்று தம்பி ஒருமுறை கேட்டான். "முடியும்டா, ஆனா கிராங்க் மரை போச்சுன்னா பெடலைவிட அதுக்குத்தான் செலவு" என்றேன். பெடல் அச்சு இரும்பு, பெடல் மாட்டும் கையான கிராங்க் பெரும்பாலும் அலுமினியம். அடிக்கடி கழற்றி மாட்டினால், அதுவும் ஒருமுறை கோணலாக ஏற்றிவிட்டால், சேதம் மிருதுவான பக்கத்துக்குத்தான். கழற்றி மாட்டியே தீர வேண்டும் என்றால் எம்கேஎஸ் நிறுவனத்தின் ஈஸி வகை உண்டு. கிராங்கில் ஒரு அடாப்டர் நிலையாக இருக்கும், பெடல் கையாலேயே கழலும். மடக்கு சைக்கிளை ரயிலில் ஏற்றுகிறவர்களுக்கு மடக்குப் பெடலைவிட இது மேல், மடக்குப் பெடலின் கீல் சீக்கிரம் முனகத் தொடங்கிவிடும். ஆனால் மலிவு என்ற பேச்சுக்குள் அது வராது.

மரை என்றதும் ஒன்று. மூன்று துண்டுக் கிராங்குக்கு 9/16 அங்குல மரை, அங்குலத்துக்கு 20 சுற்று. ஒரே கம்பியை வளைத்துச் செய்த கிராங்க் வரும் சிறுவர் சைக்கிள்களில் 1/2 அங்குலம். பழைய பிரெஞ்சு சைக்கிள்களில் 14 மில்லிமீட்டர். வீட்டில் குழந்தை சைக்கிள் இருந்து, உங்கள் பழைய பெடலை அதற்குத் தள்ளிவிடலாம் என்று நினைத்தால் முதலில் இதைப் பாருங்கள். ஏறக்குறைய ஒன்று போலத் தெரியும், ஏறாது.

இடது பெடலுக்கு எதிர் மரை. மிதிக்கும்போது அழுத்தம் அச்சைச் சுற்றிச் சுற்றி வருவதால், அச்சு மரைத் துளைக்குள் உருண்டு துளித்துளியாக எதிர்த்திசையில் நகரப் பார்க்கும், இடப்பக்கம் சாதாரண மரை இருந்தால் பெடல் தானே கழன்று வந்துவிடும். வலம் இடம் குழம்பாமல் இருக்க ஒரு வழி இருக்கிறது: ஸ்பேனர் கைப்பிடி மேல்நோக்கி நிற்கும்படி மாட்டுங்கள். முன்சக்கரத்தின் பக்கம் தள்ளினால் இறுகும், பின்சக்கரத்தின் பக்கம் இழுத்தால் கழலும். இரண்டு பெடலுக்கும் இதே கணக்கு. மெல்லிய 15 மில்லிமீட்டர் ஸ்பேனர் தேவைப்படும். சில பெடல்களில் உள்பக்கமிருந்து 6 அல்லது 8 மில்லிமீட்டர் அலன் கீ மட்டும்தான். மரையில் கிரீஸ் தடவாமல் எந்தப் பெடலையும் ஏற்றாதீர்கள். இரும்பும் அலுமினியமும் ஈரத்தில் ஒன்றோடொன்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் பிரிப்பது பெரும்பாடு.

ஒரே ஷூ என்பதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. பெடலின் தடிமனும் ஷூ அடிப்பாகத்தின் தடிமனும் மாறினால் சீட் உயரமும் மாற வேண்டும். ரோடு சைக்கிளுக்கும் மவுண்டன் பைக்குக்கும் ஒரே பெடல், ஒரே ஷூ என்பதால், ஒன்றில் முழங்காலுக்கு ஒத்துவந்த உயரத்தை டேப் வைத்து அளந்து அடுத்ததிலும் அதையே தொடக்கமாக வைத்துக்கொண்டேன். பெடல் மேற்பரப்பிலிருந்து சீட் வரை, கிராங்க் சீட்டுக் குழாயின் நேர்கோட்டில் கீழே இருக்கும்போது அளக்க வேண்டும்.

எஸ்பிடி பெடலைப் பழையதாக வாங்கத் தயங்க வேண்டாம். மரை சிதையாமல் இருக்கிறதா, ஸ்பிரிங் படக்கென்று திரும்புகிறதா, அச்சில் ஆட்டம் இருக்கிறதா, இந்த மூன்றும் போதும். பெயின்ட் கீறலைக் காட்டி விலையைக் குறைத்துக் கேளுங்கள். கால் லொடலொடவென்று ஆடுகிறது என்றால் பெரும்பாலும் தேய்ந்திருப்பது கிளீட்தான், பெடலை மாற்றும் முன் அதை மாற்றிப் பாருங்கள். புதுப் பெடல் வாங்கினால் பெட்டிக்குள்ளேயே ஒரு ஜோடி கிளீட் இருக்கும். ஷூ ஒன்றே என்பதால் இரண்டாவது பெட்டியின் கிளீட் எனக்கு மிச்சம், அதை போல்ட்டோடு சேர்த்து ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.