முகம் காட்ட முடியாதவரை முன்னால் வைத்து

ஒருபால் ஈர்ப்புள்ளவர்கள், திருநர் எனப் பால்புதுமையர் நடத்தும் வானவில் பேரணிக்கு வீட்டுக்குத் தெரியாமல் வருபவர்கள் நிறைய. அந்த நாளில் பதிவு மேசையில் கொடிகளுக்கு முன்பே முகமூடிகள் தீர்ந்துவிடும். ஐநூறு பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டால் இருநூறு முகமூடியாவது கையில் இருக்க வேண்டும். வானவில் நிறம் அடித்த அட்டை முகமூடி படத்துக்கு அழகு, ஆனால் ஜூன் மாதச் சென்னையில் மாலை நாலு மணி வியர்வைக்கு அது தாங்காது. அட்டை ஊறி வளையும், ஸ்டேப்ளர் அடித்த இடத்தில் எலாஸ்டிக் பிய்ந்து வரும். கூட்டத்தின் நடுவே ஒருவருடைய முகம் திடீரென்று வெளியே தெரிந்துவிடும். இரண்டு அடுக்குப் பருத்தித் துணியில், காதுக்குப் பின்னால் போகாமல் தலையைச் சுற்றி முடிச்சுப் போடுகிற மாதிரி தைத்துக் கொடுத்தால் அந்தப் பயம் இல்லை.

முகத்தை மறைத்தால் மட்டும் போதாது. நாளிதழில் வந்த படத்தில் தீபாவளிக்கு எடுத்துக்கொடுத்த சுடிதாரை வைத்தே அம்மா மகளைக் கண்டுபிடித்துவிடுவார். செருப்பு, கைக்கடிகாரம், பச்சை குத்திய மணிக்கட்டு, கழுத்தில் தொங்கும் அலுவலக அடையாள அட்டை எல்லாமே காட்டிக்கொடுக்கும். முந்தைய நாள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் அறிவிப்பில் ‘வீட்டில் யாரும் பார்க்காத உடுப்பில் வாருங்கள்’ என்ற வரி கண்டிப்பாக இருக்க வேண்டும்.

இத்தகைய பேரணி நடத்தும் அமைப்பினருக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான்: மேடையில் நின்று பேசக்கூடியவரை மனதில் வைத்துத் திட்டம் போடாதீர்கள். கூட்டத்திலேயே அதிகம் பயந்து வந்திருப்பவர் யாரோ, அவர் வீடு போய்ச் சேரும் வரையிலான பாதையை முதலில் வரையுங்கள். மற்றதெல்லாம் அதில் பொருந்திக்கொள்ளும்.

சென்னையின் முதல் பேரணி 2009 ஜூன் 28 ஞாயிறன்று மெரினாவில் நடந்தது. நியூயார்க்கில் ஸ்டோன்வால் என்ற மதுக்கூடத்தில் போலீசை எதிர்த்து மக்கள் திரண்ட 1969 ஜூன் 28-க்குச் சரியாக நாற்பது ஆண்டு கழித்து. நான்கே நாளில், ஜூலை 2 அன்று, டெல்லி உயர் நீதிமன்றம் ஒருபால் உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவைத் தளர்த்தியது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் திரும்பக் கொண்டுவந்தது; 2018 செப்டம்பர் 6 அன்று அதே நீதிமன்றம், வயதுவந்தோர் விருப்பத்தோடு கொள்ளும் உறவு குற்றமல்ல என்றது. சட்டம் இப்படி முன்னும் பின்னும் போன ஆண்டுகளிலும் பேரணி நடந்துகொண்டுதான் இருந்தது. ‘பிரைட்’ என்பதைப் ‘பெருமை’ என்று பெயர்த்து வைக்காமல் ‘சென்னை வானவில் சுயமரியாதைப் பேரணி’ என்று சொன்னது நல்ல தேர்வு. தமிழ்நாட்டில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் 1925-இல் தொடங்கிய ஓர் இயக்கமே இருக்கிறது. ஐயர் இல்லாமல், தாலி இல்லாமல் செய்துகொண்ட திருமணத்தைச் சட்டம் ஏற்கும்வரை போராடிய மண் இது. துண்டறிக்கையை வாங்கிப் பார்க்கும் ஆட்டோக்காரருக்கும் அந்தச் சொல் விளக்காமலே புரியும்.

அனுமதிக்கு வருவோம். 1888-ஆம் ஆண்டு சென்னை மாநகரக் காவல் சட்டத்தின் 41-ஆம் பிரிவின்படி ஐந்து நாளுக்கு முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். அந்த ஐந்து நாளை நம்பக் கூடாது. ஆறு வாரம் முன்பே ஆணையர் அலுவலகத்தில் மனுவைக் கொடுத்து, ஒப்புகை முத்திரை வாங்கிக்கொண்டு, உள்ளூர்க் காவல் நிலைய ஆய்வாளரை நேரில் பார்க்க வேண்டும். போக்குவரத்துக் காவலுக்குத் தனி மனு. புறப்படும் இடம், முடியும் இடம், நேரம், எதிர்பார்க்கும் எண்ணிக்கை, ஒலிபெருக்கி வண்டியின் பதிவு எண், பொறுப்பாளர் மூவரின் பெயரும் கைபேசி எண்ணும் மனுவில் இருக்க வேண்டும். பெரும்பாலும் சிக்கல் வருவது எண்ணிக்கையில்தான். அனுமதி எளிதில் கிடைக்கட்டும் என்று இருநூறு என்று எழுதிவிட்டு எண்ணூறு பேர் வந்தால், அடுத்த ஆண்டு உங்கள் சொல்லுக்கு அந்த நிலையத்தில் மதிப்பிருக்காது. போன ஆண்டுக் கணக்கோடு கால் பங்கு கூட்டி எழுதுங்கள். பாதையைச் சுவரொட்டியில் அச்சிட வேண்டாம். முக்கியப் பிரமுகர் வருகை என்று இரண்டு நாள் முன்பு பாதையை மாற்றச் சொல்வது வழக்கம்.

பொறுப்பாளராகக் கையெழுத்திடுபவரின் பெயரும் அடையாள அட்டைப் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். பெயர் மாற்றம் இன்னும் முடியாத திருநம்பி (பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்டு ஆணாக வாழ்பவர்) ஒருவரை அந்த இடத்தில் நிறுத்தினால், நிலையத்தில் எல்லார் முன்னாலும் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவருக்கு அந்த வலி தேவையில்லை. 2022-இல் தமிழ்நாடு சார்நிலைக் காவல் அலுவலர் நடத்தை விதிகளில் 24-சி என்ற விதி சேர்ந்தது. பால்புதுமையரையும் அவர்களுக்காக வேலை செய்பவர்களையும் காவலர்கள் துன்புறுத்தக் கூடாது என்கிறது அது. அதன் நகல் ஒன்றை மனுவோடு இணைப்பது நல்லது. பெரும்பாலான காவலர்கள் அதைப் படித்திருக்க மாட்டார்கள். கையில் தாளாகக் கொடுத்தால் பேச்சின் தொனி மாறும்.

பாதை ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். பறையோடு ஆடிக்கொண்டு நடக்கும் கூட்டம் அதைக் கடக்க ஒரு மணி நேரம் எடுக்கும். எழும்பூர்ப் பக்கம் நடத்துவதில் உள்ள பெரிய வசதி, ரயிலும் மெட்ரோவும் பேருந்தும் நடக்கும் தூரத்தில் இருப்பதுதான். ஏழு மணிக்குள் கலைந்துவிட வேண்டும். ‘எட்டு மணிக்குள் வீட்டில் இரு’ என்ற கட்டுப்பாட்டோடு வரும் பெண்களும், வீட்டில் இன்னும் பெண்ணாகவே பார்க்கப்படும் திருநம்பிகளும் கடைசி நிகழ்ச்சிவரை இருக்க முடிவதில்லை. கலை நிகழ்ச்சியைப் பேரணிக்குப் பிறகு வைத்துவிட்டு, பெண்கள் ஏன் குறைவாக வருகிறார்கள் என்று பிறகு கூடிப் பேசுவதில் பயனில்லை.

உடை மாற்ற ஓர் அறை இல்லாமல் பேரணியைத் தொடங்கவே கூடாது. பேண்ட் சட்டையில் வந்து புடவை கட்டிக்கொள்பவர்கள், முடிந்ததும் மறுபடி பேண்ட் சட்டைக்கு மாற வேண்டும். உள்தாழ்ப்பாள், நல்ல வெளிச்சம், ஆள் உயரக் கண்ணாடி, பைகளுக்கு டோக்கன் கொடுக்க ஒருவர். நிறையப் பேர் மறப்பது அழிக்கும் சாமான்களை. அரை லிட்டர் தேங்காய் எண்ணெய், நான்கைந்து பஞ்சு உருளை, நகப்பூச்சு அகற்றும் திரவம் பத்துச் சிறு புட்டி, முகம் கழுவச் சோப்பு. மையும் உதட்டுச் சாயமும் எண்ணெயில் போய்விடும், நகப்பூச்சு போகாது. சுண்டுவிரலில் மிச்சமிருக்கும் ஒரு சொட்டுச் சிவப்பு போதும், வீட்டில் கேள்வி கிளம்ப. மினுமினுப்புத் தூளை யாரும் கொண்டுவர வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். ஒருவர் மேலே தூவினால் பத்துப் பேர் முடியில் விழும். இரண்டு நாள் குளித்தாலும் போகாது.

தண்ணீர் ஐநூறு பேருக்கு இருபது லிட்டர் கேன் இருபத்தைந்து. கூடவே நீர்மோர், உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஐம்பது. கொடிக்கம்புக்கு மெல்லிய பிவிசி குழாய் போதும், தடியைக் காவலர்கள் விடமாட்டார்கள்.

படமெடுப்பதில் பல அமைப்புகள் செய்யும் பிழை, ‘என்னைப் படம் எடுக்காதே’ என்பவருக்குச் சிவப்புப் பட்டை கட்டுவது. பயந்தவரை அடையாளம் காட்டும் வேலை அது. சம்மதம் சொன்னவருக்கு மட்டும் பச்சைப் பட்டை. பட்டை இல்லாத யாரையும் எடுக்கக் கூடாது. செய்தியாளர்களை அரை மணி நேரம் முன்பே வரச்சொல்லி, பேசத் தயாராக இருக்கும் நான்கு பேரை அறிமுகப்படுத்தி, வரிசையின் முன்பக்கத்தில் இடம் ஒதுக்கிவிடலாம். அவர்கள் பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள். தொல்லை நம் ஆட்களிடமிருந்தே வரும். உற்சாகத்தில் கைபேசியைத் தூக்கி நேரலை போடுவார்கள். புறப்படுமுன் ஒலிபெருக்கியில் தமிழில் மூன்று முறை சொல்ல வேண்டும். இருபத்தைந்து பேருக்கு ஒரு தன்னார்வலர் என்று வைத்து, நேரலையை நிறுத்தச் சொல்வதை அவர்கள் பொறுப்பாக்க வேண்டும்.

பேரணிக்கு வெளியே உள்ள பதினோரு மாதமும் இதே கணக்குதான். 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிய ஏழு பேர் வேண்டும். அந்த ஏழு பேரின் பெயரும் முகவரியும் அரசுப் பதிவேட்டில் ஏறும். ஆர்வத்தில் கையெழுத்திட்டுவிட்டு, பிறகு வீட்டுக்குத் தெரிந்து தவிப்பவர்கள் உண்டு. கையெழுத்துக்கு முன் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். அமைப்பின் பதிவுப் பெயர் பொதுவாக இருப்பது நல்லது. நூறு ரூபாய் கூகுள் பேயில் அனுப்புகிறவரின் வங்கிக் கணக்கை அப்பா பார்க்கும் வீடுகள் நிறைய. நன்கொடைக்கு வரிவிலக்கு ரசீது கேட்பவரின் விவரம் வருமான வரித் துறைக்குப் போகும் என்பதையும் சொல்ல வேண்டும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்த விலக்குக் கிடைக்காது.

வெளிநாட்டுப் பணத்தில் கவனம் தேவை. சிங்கப்பூரிலோ கனடாவிலோ வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே ஊரில் குடியுரிமை வாங்கிவிட்டவர், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப் (எஃப்சிஆர்ஏ) பதிவு இல்லாத அமைப்பு அதை வாங்கக் கூடாது. பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று கேட்டுவிட்டே கணக்கு எண்ணைக் கொடுங்கள். எச்.ஐ.வி தடுப்புத் திட்டத்துக்கு வந்த நிதியில் கொடித்துணி வாங்குவதும் கூடாது. தலைப்பு வாரியாக ஒதுக்கிய பணம் அது, தணிக்கையில் நின்றுவிடும்.

நிறுவனங்கள் ஜூனில் தேடி வருவார்கள். விளம்பரத்துக்காகத் தரும் பணம் சிஎஸ்ஆர் எனப்படும் சமூகப் பொறுப்புக் கணக்கில் வராது என்பதால், அது அவர்களுடைய விளம்பரச் செலவிலிருந்து வருகிறது. பதிலுக்குப் பதாகையும் படமும் கேட்பார்கள். பதாகை வரிசையின் முன்னால் வரக் கூடாது, படம் பச்சைப் பட்டை விதிக்குக் கட்டுப்பட்டது என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். முன்வரிசை திருநங்கைகளுக்கு உரியது. மற்றவர்கள் மறைந்திருந்த காலத்தில் மறைய வழியில்லாமல் தெருவில் அடிவாங்கியவர்கள் அவர்கள். ஜமாத் எனப்படும் திருநங்கையர் குடும்ப அமைப்பின் மூத்தவர்களை நேரில் போய் அழைக்க வேண்டும், சுவரொட்டி அனுப்பினால் போதாது. சித்திரை முழுநிலவையொட்டிப் பத்து நாள் கூவாகம் போய்விடுவார்கள், அப்போது கூட்டம் வைத்து முடிவெடுக்க வேண்டாம். கூட்டங்கள் தமிழில் நடக்கட்டும். ஆங்கிலத்துக்கு மாறிய நிமிடமே பாதிப் பேர் வாய் மூடிக்கொள்வார்கள்.

பேரணி முடிந்த வாரம் ஆண்டிலேயே கனமானது. படம் வெளியாகும், வீட்டுக்குத் தெரியும், அழைப்புகள் வரும். பதினெட்டு முடிந்தவரைக் காணவில்லை என்று பெற்றோர் புகார் கொடுத்தால், அவர் நிலையத்தில் தன் விருப்பத்தில்தான் வந்தேன் என்று வாக்குமூலம் கொடுத்ததும் தொந்தரவு செய்யாமல் புகாரை முடிக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று சுஷ்மா வழக்கில் சொல்லியிருக்கிறது. கூடவே வழக்கறிஞர் ஒருவர் போக வேண்டும். பதினெட்டுக்குக் கீழே என்றால் யார் வீட்டிலும் இரவு தங்கவைக்காதீர்கள். எவ்வளவு மனம் கேட்காவிட்டாலும் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள். இரண்டு நாள் தங்க இடம், ஆட்டோவுக்கு ரொக்கம், ஒரு மாற்றுத் துணி தயாராக இருக்கட்டும். ஊழியர்களுக்கு அந்த வாரம் முழுக்க விடுப்பு கொடுக்க முடியாது. பாதிப் பேர் திங்கள் முதல் புதன், மீதிப் பேர் வியாழன் முதல் என்று பிரித்துக் கொடுக்கலாம். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு உதவி எண் கைபேசி யாரிடம் இருக்கும் என்பதை மார்ச் மாத முதல் கூட்டத்திலேயே பெயர் போட்டு எழுதிவிடுங்கள்.