தாது வருசத்துக் கந்தல்

சேலம், கோயமுத்தூர் பக்கமெல்லாம் 1876-78இல் ஆட்டிவைத்த தாது வருசப் பஞ்சத்தைப் பாட்டு நாடகமாகப் போடுவதென்றால், கந்தலைப் புதுத் துணியில்தான் செய்தாக வேண்டும். பழைய சேலையைக் கிழித்தால் ஆகாதா? பெரும்பாலும் அதில் பாலியஸ்டர் கலந்திருக்கும். சாயம் ஏறாது, விளக்கில் மினுங்கும்.

ஈரோட்டில் 20ஆம் நம்பர் நூலில் நெய்த காடா, அதாவது வெளுக்காத பருத்தித் துணி, கேட்டு வாங்குங்கள். கொசுவத்தைப் பின்பக்கம் வைத்துக் கட்டும் பின்கொசுவத்துக்கு 16 முழம் வேண்டும். இப்போதைய ஐந்தரை மீட்டர் போதாது. காடாவில் நெசவுக் கஞ்சி இருக்கும். ஒரு ராத்திரி ஊறப்போட்டு, மறுநாள் சலவைச் சோடா போட்டு வேகவைக்காவிட்டால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும்.

அழுக்குச் சாம்பல் நிறத்துக்குக் கடுக்காய்தான். கிலோ துணிக்கு 200 கிராம் தூள். ஊறவைத்து, அலசாமல் காயப்போடுங்கள். துருப்பிடித்த ஆணி, வெல்லம், தண்ணீர் மூன்றையும் பானையில் இரண்டு மூன்று வாரம் புளிக்கவிட்டு, அந்த நீரில் முக்கினால் கறுக்கும். இரும்பு அதிகமானால் நூல் மக்கி, ஆட்டத்தின் நடுவே தொடையோரம் கிழியும். மஞ்சளை நம்பவே வேண்டாம். சோப்புப் பட்டதும் சிவந்துபோகும்.

கத்தரி வெட்டு பத்தாவது வரிசைக்கும் தெரியும். செங்கல்லில் தேயுங்கள், அதுவும் உட்காரும் இடம், தரை தொடும் கரை, முந்தானை இவற்றில் மட்டும். முந்தானை மூலையில் கூழாங்கல்லை முடிந்து நாலைந்து தடவை நனைத்துக் காயவிட்டால் காசு முடிந்த சுருக்கம் நிலைத்துவிடும். கடைசிக் காட்சியில் கல்லை எடுத்துவிடுங்கள். சுருக்கம் மட்டும் இருக்கட்டும்.

ஒவ்வொரு உடுப்பிலும் மூன்று படி: நல்லது, நைந்தது, கந்தல். மூன்றையும் ஒரே பானையில் சாயம் போட்டால்தான் ஒரே சேலை என்று நம்புவார்கள். ஆள் இளைத்ததைக் காட்ட, முதல் காட்சியில் இடுப்பில் பஞ்சுத் திண்டு கட்டி, பிறகு கழற்றிவிடலாம்.

ரவிக்கை இல்லாத காலம். திருப்பூர் பனியன் துணியை டீத்தண்ணியில் அவரவர் தோல் நிறத்துக்கு முக்கி உள்ளே போட்டால் நடிகைகளுக்குக் கூச்சம் இருக்காது. அவசர மாற்றத்துக்கு வெல்க்ரோ வேண்டாம். ஒப்பாரி நடுவே அதன் 'சர்ர்' சத்தம் மைக்கில் கேட்கும். ஊக்குப் போதும்.

மைக் டிரான்ஸ்மிட்டரை, வேர்வை இறங்காமல், மசகு தடவாத ஆணுறைக்குள் போட்டுப் பின்கொசுவத்தடியில் கட்டலாம். சாகும் பாத்திரங்களுக்கு மட்டும் விலாப்பக்கம் நகர்த்துங்கள். மல்லாந்து கிடக்கும்போது முதுகில் குத்தும்.