ஆங்கிள் வால்வு மரையில் கசிவு: நாலாவது முறையில்தான் நின்றது

வாஷ்பேசினுக்கு அடியில் சுவரிலிருந்து வரும் தண்ணீரைத் திறந்து மூடும் பழைய ஆங்கிள் வால்வைக் கழற்றிப் புதியதை மாட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. கழற்றியதில் ஒரு சிரமமும் இல்லை. புதியதை மாட்டித் தண்ணீரைத் திறந்ததும் சுவரோரம் மரை வழியே சொட்ட ஆரம்பித்தது.

முதல் தடவை, கசியாமல் இருக்க மரைமேல் சுற்றும் டெஃப்லான் டேப்பை எதிர்த்திசையில் சுற்றியிருந்தேன். மரையின் முனை நம்மைப் பார்த்து இருக்கும்போது கடிகார முள் போகும் திசையில் சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றினால் முறுக்க முறுக்க டேப் சுருண்டு வெளியே வந்துவிடும்.

இரண்டாவது தடவை திசை சரி. ஆனால் வால்வின் வாய் மேலே பார்க்க வேண்டிய இடத்தைக் கொஞ்சம் தாண்டிவிட்டது. கால் சுற்று பின்னால் தளர்த்தி நேராக்கினேன். இதுதான் நான் செய்ததிலேயே பெரிய தப்பு. முறுக்கும்போது டேப் நசுங்கி மரையின் இடுக்குகளை நிரப்புகிறது. அது பசை இல்லை, பின்னால் திருப்பினால் விட்ட இடைவெளி மறுபடி அடையாது. தாண்டிவிட்டால் முன்னோக்கியே இன்னொரு சுற்று போகுமா என்று பாருங்கள். போகாதென்றால் முழுதாகக் கழற்றி, பழைய டேப்பைக் கம்பி பிரஷால் துடைத்து எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றுங்கள்.

மூன்றாவது தடவை கோபத்தில் 15 சுற்றுக்கு மேல் போட்டேன். மரை உள்ளே இரண்டு திருகுகூடச் சரியாகப் பிடிக்கவில்லை, கசிவும் நிற்கவில்லை. சுவருக்குள் இருந்தது பித்தளை மரை, அதனால் பிழைத்தேன். பிளாஸ்டிக்காக இருந்து நானும் ரென்ச்சை விடாமல் இழுத்திருந்தால், ஆப்பு அடித்த மாதிரி பிளந்திருக்கும். சுவரை உடைக்க வேண்டியதுதான்.

ஒரு கட்டத்தில் மரையே வேறு வகையோ என்றுகூடச் சந்தேகம் வந்தது. அதுவும் நடக்கக்கூடியதுதான். குழாய் மரைகளில் பிஎஸ்பி, என்பிடி என்று இரண்டு வகை உண்டு. அரை இஞ்சில் இரண்டுக்குமே ஓர் அங்குலத்துக்கு 14 மரைகள். ஆனால் மரையின் கோணம் ஒன்றில் 55 டிகிரி, மற்றதில் 60. கையால் கொஞ்ச தூரம் நன்றாகவே ஏறும், அப்புறம் என்ன செய்தாலும் கசியும். நல்லவேளை, என்னுடையது இரண்டு பக்கமும் பிஎஸ்பிதான்.

நாலாவது தடவை அவசரப்படவில்லை. முனையில் முதல் மரையை விட்டுவிட்டு, டேப்பை இழுத்துப் பிடித்து 6 சுற்று. கையால் முறுக்க முடிந்தவரை முறுக்கி, அப்புறம் ரென்ச்சால் ஒன்றரைச் சுற்று. வாய் மேலே வந்ததும் நிறுத்திவிட்டேன். மரை காய்ந்திருந்தது!

ஆனால் வால்வுக்கு மேலே, பேசின் குழாய்க்குத் தண்ணீர் கொண்டுபோகும் கனெக்‌ஷன் ட்யூப் நட்டில் ஒரு துளி. அங்கேயும் டேப் சுற்றப் போனவன் நின்று யோசித்தேன். அந்த இடத்தில் தண்ணீரைத் தடுப்பது மரை இல்லை, உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர். கழற்றிப் பார்த்தால் வாஷர் கோணலாக உட்கார்ந்திருந்தது. நேராக வைத்துக் கையால் முறுக்கி, ரென்ச்சால் லேசாக ஒரு பிடி. நின்றுவிட்டது.

கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மெல்லிய கசிவு கண்ணுக்குத் தெரியாது. இரண்டு இணைப்பிலும் காய்ந்த டிஷ்யூவைச் சுற்றி இரவு முழுக்க விட்டேன். காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் போய்த் தொட்டுப் பார்த்தேன். இரண்டும் மொறுமொறுவென்று காய்ந்திருந்தன.